மேனேஜரின் முடியும் நான்கு விரல் நுரையும்

மேனேஜரை வீட்டை விட்டு அனுப்பிவிடுவது என்று முடிவான அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மேனேஜரும் இருந்தார். சோபாவின் கைப்பிடியில் நான்கு கால்களையும் வயிற்றுக்கடியில் மடித்து வைத்துக்கொண்டு, பேச்சு தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்தும் தெரியாதவர்போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் ஒரு பூனை. பால் வெள்ளை, உடம்பில் பாதி முடி, மீதி திமிர். எந்த வேலையும் செய்யாமல், வேலை செய்கிறவர்களின் எதிரே உட்கார்ந்து அவர்களை மட்டும் உற்றுப் பார்க்கும் குணத்தால் வந்த பெயர் அது. இரண்டு வருடங்களுக்கு முன், வீட்டுக்காரரான மெக்கானிக் உதிரி பாகங்களுக்காகத் தூக்கி வந்த ஓட்டை வாஷிங் மெஷினின் டிரம்முக்குள் கைக்குட்டை அளவில் கிடந்தவர். "நாளைக்கே யார்கிட்டயாவது குடுத்துடறேன்" என்றுதான் மெக்கானிக் மனைவியிடம் சொன்னார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

இப்போது வந்துவிட்டது. கூட்டி வந்தவர் மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பெரிய கடை ஒன்றில் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் விற்பவர். அவர் விற்பதை மெக்கானிக் ரிப்பேர் செய்வார். "நீங்க நல்லதா வித்தா எனக்குப் பொழப்பு ஏது மச்சான்" என்று இவர் சொல்வதும், "நீங்க நல்லா ரிப்பேர் பண்ணா எனக்குப் பொழப்பு ஏது மாப்பிள்ளை" என்று அவர் சொல்வதுமாகப் பதினைந்து வருட உறவு ஓடிக்கொண்டிருந்தது.

"மூணு மாசமா என் தங்கச்சி உடம்பைச் சொறிஞ்சுகிட்டு நிக்கறா. அதுவும் எங்கே? மருந்துக்கடையில! அரிப்புக்கு மருந்து விக்கறவளே அரிச்சுகிட்டு நின்னா எவன் வாங்குவான்?" என்றார் மச்சான்.

அது உண்மைதான். கழுத்து, தோள்பட்டை, இடுப்பைச் சுற்றி ஒரு வளையம், முழங்கை மடிப்பு என்று சிவந்து தடித்திருந்தது. தோல் டாக்டரிடம் போனபோது மச்சானும் கூடப் போனார். "வீட்ல பூனை, நாய் ஏதாவது…" என்று டாக்டர் ஆரம்பித்ததுமே, தங்கச்சிக்கு முன்னால் இவர் தலையை ஆட்டிவிட்டார். டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். பூனையைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்துப் பாருங்கள் என்றார்.

"மேனேஜர் வந்து ரெண்டு வருஷமாச்சுண்ணா. அரிப்பு வந்து மூணு மாசம்தானே?" என்றாள் மனைவி.

"அலர்ஜி மெதுவாத்தான் ஏறும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பேப்பர் குடோன் வெச்சிருக்கார். எலித் தொல்லை. இவரை ராஜா மாதிரி வெச்சுக்குவார். அடுத்த ஞாயிறு விட்டு அதுக்கடுத்த ஞாயிறு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்." பிறகு மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். "என்ன மாப்பிள்ளை, பேச்சே காணோம்? உங்களுக்குப் பொண்டாட்டி வேணுமா, பூனை வேணுமா?"

"இதுக்கெல்லாம் யோசிக்க டைம் குடுக்க மாட்டீங்களா?"

மனைவி ஒரு பார்வை பார்த்தாள். மெக்கானிக் உடனே யோசித்து முடித்துவிட்டார்.

"போகட்டும். நான் எப்ப இந்தப் பூனையைக் கேட்டேன்? சட்டை பூரா முடி. கஸ்டமர் வீட்டுக்குப் போனா, மெஷினைப் பார்க்க வந்தீங்களா, தோட்டத்துல பஞ்சு பறிச்சுட்டு வந்தீங்களான்னு கேக்கறாங்க."

சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய், தாகமே இல்லாமல் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். தினமும் மத்தியானத் தூக்கத்தில் அவர் தொப்பைமேல் ஏறிப் படுக்கும் நாலு கிலோ பாரம் இன்னும் பதினான்கு நாளைக்குத்தான். அதை நினைத்ததும் மூன்றாவது டம்ளரும் தேவைப்பட்டது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வண்டியை நிறுத்தும்போது தூறல் போட்டது. கட்டடத்தின் பின்பக்க முற்றத்தில் எல்லா வீட்டுத் துணிகளும் கொடியில் கிடந்தன. மெக்கானிக் தன் வீட்டுத் துணிகளை மட்டும் உருவிக் கையில் சுருட்டிக்கொண்டு, ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறினார். வீட்டு வாசலில் துண்டை எடுத்துப் பிழிந்தார்.

நுரை வந்தது.

மழைத் தண்ணீரில் நுரை வராது. அதைத் தெரிந்துகொள்ள இருபத்திரண்டு வருட அனுபவம் தேவையில்லை. மறுபடி பிழிந்தார். விரல் இடுக்கில் வெள்ளையாக, வழுவழுவென்று, சோப்புத் தண்ணீர். துவைத்து, அலசி, சுற்றிப் பிழிந்து, காயவைத்த துண்டு! முகத்தில் வழிந்த தண்ணீர் கண்ணில் எரிந்தது.

அப்படியே வாசலில் நின்றார். கழுத்து, தோள்பட்டை, இடுப்பு, முழங்கை மடிப்பு. பூனை முடி என்ன அளவெடுத்தா உட்காரும்? ரவிக்கைக் கழுத்து அழுத்துகிற இடம், பாவாடை நாடா இறுக்குகிற இடம், வேர்த்துத் துணி ஒட்டுகிற இடம். அத்தனையும் துணி போட்ட கோடு.

"உள்ளே வாங்க. வாசல்ல நின்னுகிட்டு துண்டை ஏன் முறைக்கறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லை" என்றார். மெஷினைத் திறந்து பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் தொழில் தர்மம். நுரை ஒரு பக்கம் இருக்கட்டும்; நாளைக்கு மச்சான், "அப்ப துணியில ஒட்டியிருக்கிற முடிக்கு என்ன பதில்?" என்று கேட்பார். இரண்டுக்கும் சேர்த்துக் கணக்குத் தீர்க்க வேண்டும். அந்த வாரமே பரிசோதனை என்று தீர்மானித்தார்.

தரைத்தளத்தில் இருந்த தையலம்மாவிடம் போய்க் கறுப்பு லைனிங் துணி கேட்டார்.

"கறுப்பா? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைம்மா. ஆகாம இருக்கத்தான்."

தையலம்மா கைக்குட்டை அளவில் நான்கு துண்டு வெட்டிக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் மேனேஜரைக் கொஞ்ச நேரம் தூங்கவைத்தால் போதும், முடி தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது மெக்கானிக்கின் முதல் திட்டம். இரண்டு வருடமாக அயர்ன் செய்த சட்டையாகத் தேடித் தேடிப் படுத்தவர், வேலை என்று தெரிந்ததும் நான்கு துணியையும் தாண்டிப் போய்ச் செய்தித்தாள்மேல் படுத்தார். கடைசியில் மெக்கானிக் அவரைச் சீவி எடுத்த முடியை, மனைவியின் புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்து, துணிக்கு ஐம்பது முடி என்று எண்ணி ஒட்டி அழுத்தினார். எண்ணும்போது தும்மல் வந்ததால் இரண்டாவது துணியை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

"ஏங்க, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள் மனைவி. அவளுக்குத் தெரிந்து இந்த மனுஷன் தன் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணியதில்லை.

நான்கு மெஷின். முதலாவது சொந்த மெஷின், முன்பக்கக் கதவு. இரண்டாவது தையலம்மாவுடையது, அதே கம்பெனி, அதே மாடல், மச்சானே ஒரே வேனில் ஏற்றி அனுப்பிய இரட்டைப் பிறவி. மூன்றாவது, இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருடையது; மேலே மூடி திறக்கும் ரகம், தொட்டி நிறையத் தண்ணீர் பிடிக்கும். நான்காவது முதல் மாடி நர்ஸம்மாவுடையது, ஒரு தொட்டியில் துவைத்து இன்னொரு தொட்டியில் பிழியும் பழைய இரட்டைத் தொட்டி மெஷின். மூடி உடைந்து, அதற்குப் பதில் ஒரு சமையலறைத் தட்டை வைத்திருப்பார். அதை இரும்புக்கடையில் போடச் சொல்லி மெக்கானிக்கே மூன்று முறை சொல்லியிருக்கிறார்.

முறை எல்லாருக்கும் ஒன்றுதான். கறுப்புத் துணியோடு ஒரு துண்டு, நாலு சட்டை, ஒரே சோப்புத்தூள், ஒரே கரண்டி அளவு. துவைத்து முடிந்ததும் கறுப்புத் துணியில் மிச்சமிருக்கும் முடியை எண்ண வேண்டும். துண்டை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி முப்பது தடவை குலுக்கி, நுரையை விரல் வைத்து அளக்க வேண்டும்.

நர்ஸம்மா தன் மெஷினை யாரையும் தொட விடவில்லை.

"தள்ளுங்க. ஆபரேஷன் துணி அலசிப் பழகின கை இது" என்று குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் விட்டு, வெளியேறும் குழாய் வழியே அது பாட்டுக்கு நிரம்பி வழியவிட்டார். நுரையும் முடியும் ஆற்றில் இலை போகிற மாதிரி மிதந்து வழிந்து போயின. தண்ணீர் கண்ணாடியாகும்வரை அவர் குழாயை மூடவில்லை. முடிவு: ஐம்பதில் ஏழு முடி மிச்சம். நுரை இல்லவே இல்லை.

"இரும்புக்கடைன்னு யாரோ சொன்னாங்களே?" என்றார் நர்ஸம்மா, ஈரக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"நான்தாம்மா. என்னைத் தூக்கிப் போட்டுடுங்க இரும்புக்கடையில."

தலைமையாசிரியரின் மெஷினில் பன்னிரண்டு முடி மிஞ்சியது. மீதி அதன் உள்ளே தொங்கும் வலைப்பையில் பஞ்சுருண்டையாகச் சேர்ந்திருந்தது. நுரை ஒரு விரல். தையலம்மாவின் மெஷினில் நுரை அரை விரல்தான், ஆனால் முடி இருபத்தொன்பது. கதவைச் சுற்றிய ரப்பரில் இன்னும் கொஞ்சம் அப்பியிருந்தது. தண்ணீர் குறைவாகப் பிடிக்கும் மெஷினில் முடி மிதக்க வழியில்லை; ஈரத் துணியோடு துணியாக ஒட்டிக்கொண்டே சுற்றுகிறது. அலசுவதில் கெட்டிக்காரன் முடி எடுப்பதில் மந்தம்; முடி எடுப்பவன் அலசுவதில் சுமார். பழைய தொட்டிக்காரன் மட்டும் இரண்டிலும் முதல் மார்க்.

சனிக்கிழமை மத்தியானம் சொந்த மெஷின். முடி நாற்பத்தொன்று. புட்டியைக் குலுக்கினார். நுரை ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல் என்று ஏறி நான்கு விரலில் நின்றது. நின்றதோடு இறங்கவும் இல்லை.

எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒரு சந்தேகம். தையலம்மா மெஷினும் உங்க மெஷினும் ஒரே மாடல்தானே?"

"ஆமா சார்."

"அதே சோப்பு, அதே துணி. அங்கே அரை விரல், இங்கே நாலு விரல். எப்படி?"

அந்தக் கேள்வியில் மெக்கானிக்கின் உள்ளே ஏதோ ஒன்று வழுக்கி விழுந்தது. வாய் மட்டும் தானாகப் பேசியது.

"அது… மூணாவது மாடி சார். தண்ணி வேகம் குறைவு."

தலைமையாசிரியர் 'ம்' என்றார். முப்பத்தைந்து வருடம் வீட்டுப்பாடம் கொண்டுவராத பிள்ளைகளைப் பார்த்தவர் சொல்லும் 'ம்'.

எப்படி என்று மெக்கானிக்குக்குத் தெரியும். நாலு மாதத்துக்கு முன் மச்சான் ஒரு புது மெஷின் வாங்கிவிட்டு, குடும்ப விருந்து ஒன்றில், "ஒரு சுற்றுக்கு நாற்பது லிட்டர்தான் குடிக்கும் மாப்பிள்ளை! உங்க பழைய ஒட்டகம் எவ்வளவு குடிக்கும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். "முப்பத்தைந்தில் முடிச்சுக் காட்டட்டுமா?" என்றார் இவர். வீட்டுக்கு வந்து மெஷினின் மேல்மூடியைக் கழற்றி, எவ்வளவு தண்ணீர் வந்ததும் நிறுத்த வேண்டும் என்று முடிவுசெய்யும் சுவிட்சில், கம்பெனிக்காரன் தொடக் கூடாதென்று சிவப்புப் பெயின்ட் வைத்து மூடிய குட்டி ஸ்குருவை ஒன்றேகால் சுற்றுத் திருகினார். வெளியேறிய தண்ணீரை வாளிவாளியாகப் பிடித்து அளந்து காட்டினார். முப்பத்துநாலு லிட்டர்! அடுத்த விருந்தில் மச்சான் எழுந்து நின்று, "தண்ணி சிக்கனத்துல மாப்பிள்ளைதான் கெட்டிக்காரர்" என்று சொல்ல வேண்டி வந்தது. மெக்கானிக்கின் கல்யாண வாழ்க்கையிலேயே அவ்வளவு ருசியான சாப்பாடு அமைந்ததில்லை.

வெளியே போன தண்ணீரை வாளி வைத்து அளந்தவர், துணியில் தங்கிய சோப்பை அளக்கவில்லை. கஸ்டமர் யாராவது அந்த ஸ்குருவைத் தொட்டிருந்தால், வாசற்படி தாண்டுவதற்குள் அவரே அரை மணி நேரம் பாடம் எடுத்திருப்பார். தன் வீட்டு ஸ்குரு என்பதால் அது அவர் நினைவிலேயே இல்லை. அல்லது, அந்த வெற்றி மட்டும் நினைவில் இருந்தது; ஸ்குரு உதிர்ந்துவிட்டது.

முதலில் தோன்றிய யோசனை சுலபமானது. மனைவி கடைக்குப் போயிருக்கிற நேரத்தில் ஸ்குருவை இருந்த இடத்துக்கே திருப்பிவிட்டால் போதும். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். கெட்டிக்காரப் பட்டமும் பத்திரம். ஸ்குரு டிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தார்.

மனைவி கடையிலிருந்து வந்துவிட்டிருந்தாள். பால்கனி ஓரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். மூக்கையும் வாயையும் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் கடைக் கையுறை போட்டுக்கொண்டு, மடியிலிருந்த மேனேஜருக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். நடுநடுவே சீப்பின் பின்புறத்தால் தன் கழுத்தைச் சொறிந்துகொண்டாள்.

"குடோன்ல யாரும் சீவி விட மாட்டாங்கடா. அழகா இருந்தாத்தான் மதிப்பாங்க. அங்கே போய் மேனேஜர் வேலை காட்டாதே, என்ன? எலி பிடிக்கற மாதிரியாவது நடி."

மெக்கானிக் ஸ்குரு டிரைவரோடு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"உனக்கு அரிப்பு வந்தது இவரால இல்லை."

"சும்மா ஆறுதல் சொல்லாதீங்க."

"என்னால."

சொன்னார். சிவப்புப் பெயின்ட், ஒன்றேகால் சுற்று, முப்பத்துநாலு லிட்டர், நாற்பத்தொரு முடி, நான்கு விரல் நுரை எல்லாவற்றையும் சொன்னார். அவள் சீப்பைக் கீழே வைத்தாள். துப்பட்டாவை அவிழ்த்தாள். ஏச்சு வரும் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"மூணு மாசம். மூணு மாசமா ராத்திரி தூக்கமில்லை. களிம்பு மாத்தி மாத்திப் பூசினேன். எங்கண்ணனை ஜெயிக்கறதுக்காக என்னை ஊறவெச்சிருக்கீங்க சோப்புத் தண்ணியில."

"ஆமா."

"ஊருக்கெல்லாம் மெக்கானிக்!"

"ஆமா."

"எல்லாத்துக்கும் ஆமா போட்டா நான் எப்படித் திட்டறது?" என்றாள். குரல் உடைந்தது, உடைந்த இடத்திலிருந்து சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. மேனேஜரை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவர் மூச்சு முட்டி ஒரு காலால் அவள் தாடையைத் தள்ளினார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரியாக நிமிர்ந்தாள். "அந்த ஸ்குருவை இப்பத் தொடாதீங்க. இன்னிக்கே ரிப்பேர் பண்ணிட்டா எது காரணம்னு யாருக்கும் தெரியாது. அண்ணன் நம்ப மாட்டான். எனக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. நான் போடற துணி, படுக்கற விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாத்தையும் நர்ஸம்மா தொட்டியில அலசுவோம். மேனேஜர் எங்கேயும் போகக் கூடாது. என்கூடவே இருக்கட்டும். பார்த்துடலாம், பூனையா, நுரையான்னு."

அந்த வாரம் மெக்கானிக் தினமும் வேலைக்குப் போகுமுன் ஒரு கூடைத் துணியோடு நர்ஸம்மா வீட்டு வாசலில் நின்றார். "அலசத் தெரியுதா உங்களுக்கு? கையை ஆட்டுங்க, கும்பிடாதீங்க" என்று அவர் அதட்ட, இவர் அலசினார். துவைக்குமுன் காய்ந்த துணியை ரப்பர் கையுறை போட்ட கையால் ஒரு வழி வழித்தால் பாதி முடி உருண்டு வந்துவிடும் என்று தையலம்மா சொல்லிக் கொடுத்தார். நனைந்த பிறகு பிடுங்குவதைவிட அது நூறு மடங்கு சுலபமாக இருந்தது. வீட்டில் மேனேஜருக்கோ ராஜ மரியாதை. மனைவி அவரைத் தோளில் போட்டுக்கொண்டு சமைத்தாள். கழுத்தில் சுற்றிக்கொண்டு டிவி பார்த்தாள். இவ்வளவு அன்பு எதற்கு என்று புரியாமல் அவர் சந்தேகத்தோடு பொறுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அரிப்பு குறைந்தது. வியாழக்கிழமை காலையில், "ஏங்க, நான் ராத்திரி பூரா தூங்கியிருக்கேன்!" என்று அவள் கூவிய சத்தத்தில் மெக்கானிக் கையிலிருந்த பல் துலக்கும் பிரஷ் எகிறி விழுந்தது. சனிக்கிழமை கழுத்துச் சிவப்பு வெளுத்துவிட்டது. அன்று சாயங்காலம் மனைவி பக்கத்தில் நின்று டார்ச் அடிக்க, மெக்கானிக் ஸ்குருவை ஒன்றேகால் சுற்று எதிர்ப்பக்கம் திருப்பினார்.

"சரியா ஒன்றேகாலா?"

"ஒன்றேகால்."

"அரைக்கால் கூடவே திருப்புங்க. எனக்காக."

திருப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மச்சான் வந்தார். கையில் மூடி போட்ட பெரிய பிரம்புக் கூடை. உள்ளே மெத்தென்று ஒரு பழைய போர்வை. மனுஷன் நல்லவர்தான், வழியில் பூனைக்கு வலிக்கக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து மடித்திருந்தார். மேலே போக விடாமல் அவரை முற்றத்துக்கே அழைத்துப் போனார்கள். அங்கே தலைமையாசிரியர் பிளாஸ்டிக் நாற்காலியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மாவும் தையலம்மாவும் துணிக் கொடிக்கடியில் நின்றார்கள். ஸ்டூல்மேல் கண்ணாடிப் புட்டிகள்.

"என்ன இது, கோர்ட்டா?" என்றார் மச்சான்.

"உட்காருண்ணா" என்று மனைவி தலைமுடியைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினாள். முழங்கையை நீட்டினாள். "ஒரு வாரமா மேனேஜர் என் கழுத்துலதான் இருந்தார். பாரு."

மச்சான் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். "அட! எந்தக் களிம்பு?"

"களிம்பு இல்லை மச்சான். ஸ்குரு" என்று மெக்கானிக் முன்னால் வந்தார். இந்த நாலு பேர் முன்னால் சொன்னால் சாயங்காலத்துக்குள் நாற்பது வீட்டுக்குப் போகும். மச்சான் காதில் விழுந்தால் சொந்தபந்தம் முழுக்கப் போகும். அவர் ஸ்டூல் பக்கம் பார்த்தார், மனைவியின் கழுத்தைப் பார்த்தார், சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல மச்சானின் முகம் மலர்ந்தது. சிவப்புப் பெயின்ட் வந்த இடத்தில் அவர் கூடையைக் கீழே வைத்தார். முப்பத்துநாலு லிட்டர் வந்த இடத்தில் துணிக் கொடியைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சிரித்த சிரிப்பில் கொடியிலிருந்த நாலு க்ளிப் தெறித்தது.

"அப்ப அன்னிக்கு என்னை எழுந்து நிக்கவெச்சுச் சொல்லவெச்சது?"

"கள்ள ஆட்டம்."

"இப்ப யார் கெட்டிக்காரர்?"

"நீங்கதான் மச்சான்."

"சத்தமா. தையலம்மாவுக்குக் கேக்கலையாம்."

மெக்கானிக் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார். "தண்ணி சிக்கனத்துல எங்க மச்சான்தான் கெட்டிக்காரர்!" மூன்றாவது மாடி ஜன்னல்வரை எதிரொலித்தது. தோற்றதை இவ்வளவு சந்தோஷமாகக் கத்த முடியும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

"சரி, அது போகட்டும்" என்று மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியாபாரி அல்லவா, கடைசிப் பேரத்தை விடவில்லை. "இப்பச் சரியாயிருக்கிறது நர்ஸம்மா தொட்டி. நாளைக்குத் திரும்ப உங்க மெஷின்ல போட்டா?"

"அதுக்குத்தான் இவ்வளவு பேரும் வந்திருக்கோம்" என்றார் தலைமையாசிரியர்.

காலையில் சொந்த மெஷினில் துவைத்த துண்டு தயாராக இருந்தது. மச்சானே அதை நல்ல தண்ணீரில் ஊறவைத்தார். மச்சானே பிழிந்தார். புட்டியில் ஊற்றி, மூடியை இறுக்கி, மெக்கானிக்கைத் தள்ளி நிறுத்திவிட்டு அவரே குலுக்கினார். தலைமையாசிரியர் எண்ணினார். பத்தில் நர்ஸம்மா சேர்ந்துகொண்டார், இருபதில் மேல்மாடி ஜன்னல்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். முப்பது!

மச்சான் புட்டியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நாலைந்து குமிழி விளிம்பில் ஓடியது. ஒன்று உடைந்தது. இன்னொன்று உடைந்தது. அப்புறம் தண்ணீர், வெறும் தண்ணீர். புட்டி வழியே மறுபக்கம் நின்ற தங்கச்சியின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

கறுப்புத் துணியைத் தையலம்மா பிரித்துக் காட்டினார். முதலிலேயே வழித்துவிட்டதில் ஐம்பதில் ஐந்துதான் மிச்சம்.

"ஐந்து! என் தொட்டியைவிட ரெண்டு குறைச்சல்" என்று நர்ஸம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். ஐந்துதான். ஒத்துக்கொண்டார்.

தலைமையாசிரியர் எழுந்து நின்று நோட்டை மூடினார். "மேனேஜர் குற்றமற்றவர். குற்றவாளி தானே ஒப்புக்கொண்டதால் மன்னிக்கப்படுகிறார்." முற்றமே கை தட்டியது. மச்சான் மெக்கானிக்கைக் கட்டிப்பிடித்து முதுகில் நாலு போடு போட்டார். அதில் இரண்டு, பழைய விருந்துக்காக.

இந்த ஆரவாரத்தில் மேனேஜரை யாரும் கவனிக்கவில்லை. அவர் படியிறங்கி வந்து, கூட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, மூடி நழுவித் திறந்து கிடந்த பிரம்புக் கூடைக்குள் ஏறி, போர்வையை இரண்டு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு வசதியாகச் சுருண்டு படுத்துவிட்டார்.

"பாருங்க! நான் பிடிக்கக்கூட இல்லை. அவரே போறேங்கறார்!" என்றார் மச்சான்.

"தொடாதேண்ணா" என்று மனைவி கூடையை இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "கூடை இங்கேயே இருக்கட்டும். போர்வையும்."

"என் கூடைடி அது!"

"தெரியும்."

அவள் முன்னால் நடந்தாள். பின்னால் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மெக்கானிக், அவருக்குப் பின்னால் கூடையைக் கேட்டுக்கொண்டே மச்சான், அவருக்கும் பின்னால் கண்ணாடிப் புட்டியோடு தலைமையாசிரியர். இரண்டாம் மாடி வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர், "யாருக்குக் கல்யாணம்?" என்றுகூடக் கேட்டார். மூன்று மாடி, ஐம்பத்துநாலு படி. மேனேஜர் ஒரு படிகூட ஏறவில்லை.